வால்ட்ரன் மிச்சப் பங்குகளும் நான் சொன்ன ஒரு வரியும்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. கதை என்றாலே பொய்தானே என்று புன்னகைக்க வேண்டாம். நான் சொல்வது அந்த மாதிரிப் பொய்யை அல்ல. 2009 ஜூன் மாதத்தில், கருங்கல் சந்தைக்கு எதிரே மாடியில் இருந்த என் நெட் சென்டரில், சிலுவைதாசன் என்ற மனிதருக்கு ஆங்கிலத்தில் இருந்த ஒரு வரியைத் தமிழில் சொன்னேன். தப்பாகச் சொன்னேன். தெரிந்தே சொன்னேன்.

சிலுவைதாசன் இப்போது இல்லை. அந்த வரியின் சரியான தமிழை அவருடைய மனைவி குளோரியிடமாவது நான் சொல்லியாக வேண்டும். ஐந்து வருடமாகச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாகக் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இது பதினோராவது பிரதி.

2

கிழித்துப்போட்ட தொடக்கங்களில் இரண்டை மட்டும் காட்டுகிறேன்.

[முதல் தொடக்கம்: கடல் அன்று வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருந்தது. சிலுவைதாசன் கரையில் நின்று தொடுவானத்தைப் பார்த்து]

அவர் தொடுவானத்தைப் பார்த்து நிற்கிற ஆள் இல்லை. வெயிலில் கண் கூசும் என்று குடை பிடித்துக்கொண்டு நடப்பார். கடற்கரைக்காரன் கதை என்றால் கடல் அமைதியாக இருந்தது என்று ஆரம்பிக்கிற வியாதி எனக்கும் உண்டு.

[இரண்டாம் தொடக்கம்: கருங்கல்லில் நெட் சென்டர் வைத்திருந்த ஞானம் அவ்வளவாக ஆங்கிலம் படித்தவர் இல்லை. அந்த வரியின் பொருள் அவருக்குச் சரியாகப் பிடிபடவில்லை. அதனால்தான்]

இது இன்னும் மோசம். ஞானம் என்று யாரும் இல்லை, அது நான். நான் ஆங்கிலத்தில் எம்.ஏ. வரி எனக்கு நன்றாகவே புரிந்தது. நண்பர் மகேஷ்குமாருக்கு இந்தத் தொடக்கம்தான் மிகவும் பிடித்திருந்தது. "தெரியாமச் செய்தாம்னு வச்சா வாசகன் ஒம்ம மன்னிச்சிருவாம்வே" என்றார். வாசகன் மன்னிப்பதில் எனக்கு ஒன்றும் வரப்போவதில்லை.

3

சரி, ஒழுங்காகச் சொல்கிறேன்.

கருங்கல்லுக்குத் தெற்கே, பேருந்தில் அரை மணி நேரத்தில் வந்துவிடுகிற கடலோர ஊர் சிலுவைதாசனுடையது. ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. குவைத்தில் ஒன்பது வருடம் தொலைபேசி கேபிள் இழுக்கிற வேலை பார்த்தார். அவர் வேலை பார்த்தது வால்ட்ரன் என்ற வட அமெரிக்கக் கம்பெனிக்கு.* 2004இல் அந்தக் கம்பெனி தன் வேலையாட்களுக்கு ஆளுக்குக் கொஞ்சம் பங்கு கொடுத்தது. இவருக்கும் கிடைத்தது. அடுத்த வருடம் ஏணியிலிருந்து விழுந்து முதுகு போனது. பெல்ட் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பினார். கடலுக்குப் போகிற உடம்பு இனி இல்லை. கையில் இருந்த காசைப் போட்டு, கூட்டாளி சூசையோடு சேர்ந்து ஒரு பைபர் வள்ளம் வாங்கினார். பாதி அவருக்கு, பாதி சூசைக்கு. கடலுக்குப் போவது சூசையும் ஆட்களும். கரைக்கு வந்த மீனில் இவருடைய பங்கை எடுத்துக்கொண்டு குளோரி கருங்கல் சந்தைக்கு வருவார்.

* பெயரை மாற்றியிருக்கிறேன். அந்தக் கம்பெனி என் மேல் வழக்குப் போடும் என்ற பயத்தால் அல்ல. வழக்குப் போட இன்று அந்தக் கம்பெனியே கிடையாது.

2009 தொடக்கத்தில் வால்ட்ரன் திவாலாகி மஞ்சள் கடிதாசி கொடுத்தது. ஒரு காலத்தில் எண்பது டாலர் விற்ற பங்கு நாலு சென்ட்டுக்கு வந்தது. பெரிய சந்தையிலிருந்து நீக்கிவிட்டார்கள். நீக்கப்பட்ட பங்குகளை வாங்க விற்க அங்கே ஒரு புறக்கடை உண்டு. குப்பையில் போன பொருளைக் கிளறிப் பார்க்கிறவர்கள் கூடும் இடம். உலகம் முழுவதிலிருந்தும் வந்த ஆட்களோடு, என் நெட் சென்டரின் மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து சிலுவைதாசனும் கிளறினார்.

தினமும் பத்து மணிக்கு வருவார். முதுகுக்கு ஒரு தலையணை கொண்டுவருவார். பங்கு வாங்க விற்க அவருக்கு ஒரு கணக்கு இருந்தது, குவைத்தில் இருக்கும்போதே திறந்தது. குவைத்தில் இருந்த மச்சினன் மரியஜான் அங்கே பணம் கட்டுவார். இவர் இங்கே மரியஜான் வீட்டில் கொடுத்துவிடுவார். சிலுவைதாசனுக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டத்தான் வரும். அதனால் படித்துச் சொல்வது என் வேலை. அதற்கு நான் காசு வாங்கியதில்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், காசுக்காகப் பொய் சொல்லவில்லை என்று உங்களுக்குக் காட்டத்தான். பார்த்தீர்களா, இப்போதும் நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறேன்.

4

உடைந்துபோன கம்பெனியின் பங்கை ஒருவர் ஏன் வாங்க வேண்டும்? நானும் கேட்டேன். அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். இந்தக் கதையில் நான் திருத்தாத ஒரே பகுதி இது.

"சாரே, நம்ம கரையில ஒரு வள்ளம் பழசாயிப் போச்சுன்னு வையுங்க. பொளிச்சு உடைப்போம். எஞ்சின் ஒருத்தன் எடுப்பான், வலை ஒருத்தன் எடுப்பான், பலவை விறகுக்குப் போவும். வந்த பைசா மொத்தமும் அண்ணைக்குச் சாயந்தரமே மணல்ல வச்சிப் பிரிக்கும். வள்ளத்துல பங்கு உள்ளவன் ஒருத்தன்கூட வெறுங்கையோட வீட்டுக்குப் போவமாட்டான். செத்துப்போனவனுக்க பெண்டாட்டிக்கும் உண்டு."

"கடன் கொடுத்தவன்?"

"அவன் பொறவு வீட்டுக்கு வருவான். மணலுக்கு வரப்பிடாது. அது மொறையில்ல. இந்தக் கம்பெனிக்க கையில ஆறாயிரம் கண்டுபிடிப்புக்க உரிமைப் பத்திரம் கெடக்கு சாரே. அதுதான் எஞ்சின். அத வித்தா எத்தன கோடி வரும்! பங்கு வச்சிருக்கவனுக்குக் குடுக்காம யாருக்குக் குடுப்பான்?"

அந்த நாட்டுச் சட்டத்தில் முறை தலைகீழ். முதலில் கடன் கொடுத்தவர்கள், பிறகு சரக்குக் கொடுத்துப் பாக்கி வர வேண்டியவர்கள், ஓய்வூதியக்காரர்கள். எல்லோரும் வாரி எடுத்தபின் மிச்சம் இருந்தால்தான் பங்குக்காரன். பெரும்பாலும் மிச்சம் இருக்காது. இது எனக்கு அப்போது அரைகுறையாகத் தெரியும். அவரோ தான் பிறந்து வளர்ந்த கரையின் நியாயத்தை உலகத்தின் நியாயம் என்று நினைத்தார். அவரை முட்டாள் என்று சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. இரண்டு முறைகளில் எது மனுஷத்தனமானது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஆனால் யோசித்துக்கொண்டே இருந்தால் ஜூன் மாதம் வராது.

5

ஜூன் மாதம் வால்ட்ரன் தன் இணையப் பக்கத்தில் ஒரு அறிக்கை போட்டது. இரண்டு பக்கம். சிலுவைதாசன் அதைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். அன்று குளோரியும் கூட வந்திருந்தார். சந்தை முடிந்து, மீன் சுமந்து வந்த காலிச் சருவத்தை மாடிப்படிக்குக் கீழே வைத்துவிட்டு, புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். மீன் வாடை அடிக்கும் என்று உள்ளே வர மறுத்தார்.

"என்ன சாரே போட்டிருக்கான்? பங்கப் பத்தி உண்டா?"

உண்டு. இரண்டாம் பக்கத்தில் ஒரே ஒரு வரி. இதோ, ஐந்து வருடம் தாமதமாக, அதன் சரியான தமிழ்:

"பங்குகளை வைத்திருப்போருக்கு எந்த மதிப்பும் கிடைக்கும் என்று நிறுவனம் எதிர்பார்க்கவில்லை."

நான் சொன்னது:

"பங்கு வச்சிருக்கவங்களுக்கு எவ்வளவு கிடைக்கும்னு இப்போ சொல்ல முடியாதாம்."

அவ்வளவுதான். இரண்டு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரிய வித்தியாசம் இல்லாதது போலத் தோன்றும். அங்கேதான் என் படிப்பெல்லாம் வேலை செய்தது.

ஏன் சொன்னேன்? இந்த இடத்தில் ஒவ்வொரு பிரதியிலும் ஒவ்வொரு காரணம் எழுதியிருக்கிறேன். அவர் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டேன் என்று நாலாம் பிரதி. தினமும் இரண்டு மணி நேரம் உட்காருகிற வாடிக்கையாளரை இழக்க மனமில்லை என்று ஏழாம் பிரதி. அதைக் கொஞ்சம் துணிச்சலான பிரதி என்று மகேஷ்குமார் பாராட்டினார். உண்மை இரண்டும் இல்லை. வாசலில் நின்ற குளோரி என்னைப் பார்த்த பார்வையில் அத்தனை மரியாதை இருந்தது. கெட்ட செய்தியைச் சொல்கிற வாயாக என் வாய் இருக்க வேண்டாம் என்று நினைத்தேன். நாளைக்கு வேறு யாராவது சொல்லட்டும், பேப்பரில் வரட்டும் என்று விட்டேன். கோழைத்தனத்துக்கு இதைவிட அழகான சொல் தேடினேன், கிடைக்கவில்லை.

"அப்போ கிட்டும்" என்றார் சிலுவைதாசன், மனைவியைத் திரும்பிப் பார்த்து. "எவ்வளவுங்கறதுதான் தெரியாது. கேட்டியா?"

"சாரு சொன்னா சரிதான்" என்றார் குளோரி.

அடுத்த வாரம் சிலுவைதாசன் வள்ளத்தில் தன் பாதியைச் சூசைக்கே விற்றுவிட்டு, அந்தப் பணம் முழுவதற்கும் வால்ட்ரன் பங்கு வாங்கினார். வாங்கு என்ற பொத்தானை அழுத்தியது நான். பண விஷயம் என்றால் மவுஸை என் கையில் கொடுத்துவிடுவார்.

6

இதற்குப் பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மெதுவாகச் சொல்ல என்னால் முடியவில்லை.

வள்ளத்தில் இருந்த பங்கு போனதால் குளோரி மற்றப் பெண்களோடு கூட்டத்தில் நின்று ஏலத்தில் மீன் எடுக்க வேண்டி வந்தது. நல்ல மீன் வியாபாரிக்குப் போகும். கலங்கல் மீன்தான் இவருக்குக் கிடைக்கும். இரண்டு வருடம் அப்படி ஓட்டினார். ஒரு சொல் எதிர்த்துப் பேசியதில்லை என்று எழுதியிருந்தேன். [அடித்துவிட்டேன். எனக்கு எப்படித் தெரியும்? நான் அவர்கள் வீட்டுக்குள் போனதே இல்லை. பொறுமைசாலி மனைவி கதைக்கு வசதியானவள், அவ்வளவுதான்.]

2011 ஜூலையில் வால்ட்ரனின் உரிமைப் பத்திரங்கள் ஏலம் போயின. சிலுவைதாசன் கணக்குப் போட்டிருந்ததைவிடப் பல மடங்கு தொகை. தமிழ்ப் பேப்பரிலேயே சின்னதாக வந்தது. அவர் அந்தத் துண்டை வெட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஒரு பெட்டி லட்டு வாங்கி என் கடைக்கு வந்தார். முதுகு வலியோடு மாடி ஏறியதில் மூச்சு இரைத்தது.

"எஞ்சின் வித்தாச்சு சாரே! இனி பிரிக்க வேண்டியதுதான். குளோரிக்கிட்ட சொல்லியாச்சு, இனி நீ சருவம் சொமக்காண்டாம்னு."

அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். நான் லட்டு தின்றேன். வீட்டுக்கென்று இன்னொன்றைப் பொதிந்தும் வாங்கிக்கொண்டேன்.

குளோரி சந்தைக்கு வருவதை நிறுத்தினார். ஆறு வருடமாக உட்கார்ந்த இடம், புளியமரத்து நிழல், குழாய்க்குப் பக்கம். ஒரு மாதத்தில் அந்த இடத்தில் வேறொரு பெண் உட்கார்ந்துவிட்டார். ஆகஸ்ட் போனது, செப்டம்பர் போனது. மணலில் யாரும் ஒன்றும் பிரிக்கவில்லை. நவம்பரில் ஒரு நாள் குளோரி சந்தைக்குத் திரும்பினார். இடம் இல்லை என்று விரட்டிவிட்டார்கள். அன்று மதியம் வீட்டுக்குப் போய், நாலு வீட்டு ஆட்கள் கேட்க, புருஷனைப் பேசினார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. இனி அவர் முகத்தில் முழிக்கக் கூடாது என்று மகள் அஜிஷாவைப் பார்க்கப் பெங்களூருக்கு ரயில் ஏறிவிட்டார்.

மூன்றாம் நாள் காலையில் சிலுவைதாசன் கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை, தேவைப்படவில்லை. குளோரி வந்து சேரும்போது பெட்டியில் வைத்தாகிவிட்டது.

நானும் போயிருந்தேன். என்னைக் கண்டதும் குளோரி எழுந்து வந்தார். "ஒங்கள நல்ல விருப்பம் சாரே அவருக்கு. ஒங்க பேரச் சொல்லாத நாளு இல்ல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். என் அழுகையைப் பார்த்து அவர் எனக்கு ஆறுதல் சொன்னார். அந்த நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அதற்குப் பிறகு அவர் வீடு வீடாக மீன் விற்கத் தொடங்கினார். நெட் சென்டரை நான் மூடிவிட்டேன், ஆளுக்கொரு போன் வந்துவிட்ட காலம். வாரத்தில் மூன்று நாள் எங்கள் தெருவுக்கு வருவார். என் மனைவி சாளையோ நெத்திலியோ வாங்குவாள். எண்ணிப் போட்டபின் குளோரி இரண்டு மீன் கூடப் போடுவார். "சாருக்கு. எங்க வீட்டாளுக்குப் பேப்பரெல்லாம் படிச்சுக் குடுத்த சாருல்லா."

மூன்று வருடமாக அந்த இரண்டு மீனைத் தின்றுகொண்டிருக்கிறேன்.

7

முடிவுகளுக்கு வந்துவிட்டோம். கையில் மூன்று இருக்கின்றன.

(அ) பங்குக்காரர்களுக்கும் கொஞ்சம் கிடைக்கிறது. சிலுவைதாசன் வள்ளத்தை மீட்கிறார். [நடக்கவில்லை. பங்குகளை மொத்தமாக ரத்து செய்துவிட்டார்கள்.]

(ஆ) சிலுவைதாசனுக்கு எல்லாமே தெரிந்திருந்தது, என்னைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று தெரியாதது போல இருந்தார். [செத்தவரைப் பெரிய மனுஷனாக்கி அவர் முதுகில் ஏறித் தப்பிக்கிற முடிவு. பெல்ட் கட்டிய முதுகு.]

(இ) குளோரியிடம் நான் உண்மையைச் சொல்கிறேன். அவர் "போட்டும் சாரே, நீங்க நல்லதுக்குத்தானே செஞ்சிய" என்கிறார். [மகேஷ்குமாருக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான். அதனாலேயே இதில் நம்பிக்கை இல்லை.]

மூன்றாவதைத்தான் கொஞ்சம் செதுக்கி எடுத்துக்கொள்ளலாம் என்று இன்று காலை உட்கார்ந்தேன். "குளோரி மீனை எண்ணிக்கொண்டே நிமிர்ந்து" என்று எழுதியபோது வாசலில்

8

வாசலில் குளோரியே வந்துவிட்டார். இதைச் சாயந்தரம் எழுதுகிறேன்.

என் மனைவி சட்டியோடு போனாள். நானும் பின்னால் போனேன். பேனா கையில்தான் இருந்தது. வெயில் ஏறாத நேரம், சாளை நன்றாக இருந்தது. எண்ணிப் போட்டார். இரண்டைக் கூட எடுத்தார்.

"வேண்டாம்" என்றேன்.

"ஏன் சாரே, மீனு நல்லதுதான்."

சொன்னேன். பகுதி ஐந்தில் இருப்பதை அப்படியே சொன்னேன். ஆங்கில வரி, அதன் சரியான தமிழ், நான் சொன்ன தமிழ். அன்றைக்கே எனக்குத் தெரியும் என்பதையும், லட்டு தின்ற நாளிலும் தெரியும் என்பதையும் சொன்னேன். இரக்கம், நல்லது என்ற எந்தச் சொல்லையும் பயன்படுத்தவில்லை. என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்த ஒரே மொழிபெயர்ப்பு அதுதான். என் மனைவிக்கும் அப்போதுதான் தெரியும். சட்டியைப் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

குளோரி கையில் இருந்த இரண்டு மீனையும் சருவத்தில் திரும்பப் போடவில்லை, சட்டியிலும் போடவில்லை. ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

"அப்போ அவியளுக்குத் தெரியாது."

"தெரியாது."

"நீங்க அண்ணைக்கே சொல்லியிருந்தா வள்ளத்த வித்திருக்க மாட்டாவ."

"மாட்டார்."

"அப்போ" என்றார். குரல் உயரவே இல்லை. "அப்போ அண்ணைக்கு நான் அவியளப் பேசினதெல்லாம் ஒங்களுக்கு உள்ளதாக்கும்."

பிறகு அதைச் சொன்னார். நவம்பர் மதியத்தில் புருஷனைப் பார்த்துச் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும், ஒன்றுவிடாமல், என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். திட்டுவது போலச் சொல்லவில்லை. வேறொருவருக்கு வந்த கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டுவது போலச் சொன்னார். கடைசி வார்த்தை வரும்போது மட்டும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. அதை முடித்துவிட்டுத்தான் அழுதார்.

அந்த வார்த்தைகளை இங்கே எழுத மாட்டேன். கதைக்கு அவை தேவை என்று மகேஷ்குமார் சொல்வார். சொல்லட்டும்.

மீன் சருவத்தைத் தரையிலிருந்து தலைக்கு ஏற்ற எதிரே இன்னொரு ஆள் பிடிக்க வேண்டும். தனியாக முடியாது. குளோரி சும்மாட்டைத் தலையில் வைத்தார். சருவத்துக்குப் பக்கத்தில் நின்றார். என்னைக் கூப்பிடவில்லை, என் மனைவியையும் கூப்பிடவில்லை. ஒரு எட்டு தள்ளி நான் நின்றேன். குனிந்து பிடிக்க எனக்குத் தைரியம் இல்லை. அப்படியே ஐந்து நிமிஷமாவது நின்றிருப்போம். தெருவோடு போன பால்காரர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு வந்து ஏற்றிவிட்டார். குளோரி போய்விட்டார்.

9

ஒரு வாரம் கழித்து இந்தப் பகுதியை எழுதுகிறேன்.

குளோரி அதற்குப் பிறகு எங்கள் தெருவுக்கு வந்தாரா,

வந்தாரா இல்லையா என்பது எனக்குத் தெரியும். இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் அடித்துவிட்டேன். வந்தார் என்றால் நீங்கள் நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். வரவில்லை என்றால் அவர் மனசு இளகவில்லையே என்று அவரைப் பற்றிப் பேச ஆரம்பிப்பீர்கள். அவரைப் பற்றி முடிவு செய்ய எனக்கோ உங்களுக்கோ ஒரு பாத்தியதையும் இல்லை.

என்னைப் பற்றி முடிவு செய்யுங்கள். அதற்கு வேண்டியது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், இந்தத் தடவை குறைக்காமல்.